டிரைவர் சீட்டின் உயரம்

ஆறடி மனிதருக்கு டிரைவர் சீட்டை எதற்கு உயர்த்த வேண்டும்? கேம்ப் கடைத்தெருவில் கார் சீட் தைக்கும் கடையில் நின்றபோது எனக்குள் ஓடியது இந்தக் கேள்விதான். என் கணவரின் காரிலிருந்து இரண்டு சீட்டுகளையும் கழற்றிப் பலகைமேல் வைத்திருந்தார்கள். டிரைவர் சீட்டின் ஃபோம் மட்டும் நாலு விரல் உயர்ந்திருந்தது. அவர் அதில் உட்கார்ந்தால் தலை கேன்வாஸ் கூரையில் முட்டும்.

நாங்கள் கோயம்புத்தூரிலிருந்து மராத்தி ஊரான நிக்டிக்கு வந்த புதிதில் அவர் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டு பேர்தான் உட்காரலாம். தினமும் ஆபீசுக்கு என் காரை நானே ஓட்டிப் போகிறவள் நான். ஆனாலும் அந்த ஸ்டியரிங்கை மட்டும் அவர் என்னைத் தொட விட்டதில்லை. இந்த வருஷ மழையில் கதவுகளின் உள்பலகை ஊறி உப்பிவிட்டது, சீட்டுத் தோலும் வெடித்துவிட்டது. எல்லாவற்றையும் புதிதாகத் தைக்கக் கொடுத்துவிட்டு, "நீ வர வேண்டாம், முடிஞ்சதும் பாத்துக்கலாம்" என்றார். சட்டை எடுக்கக்கூட என்னை அழைத்துக்கொண்டு போகிற மனிதர். எங்கேயோ இடித்தது. அதனால்தான் அவருக்குச் சொல்லாமல் கடைக்குப் போனேன்.

இந்த உயரம் யாருக்கு என்று கடைக்காரரிடம் இந்தியில் கேட்டேன். சாப், அதாவது என் கணவர், கொடுத்த அளவு என்று மட்டும் சொல்லிவிட்டு நூலைப் பல்லால் கடித்தார். மேலும் துருவியதும் டீ வரவழைத்தார். கேட்ட கேள்விக்கு டீ வரவழைக்கிறவர் எதையோ மறைக்கிறார் என்பது என் கணிப்பு.

காரை விற்றுவிட்டார், வாங்கியவர் குட்டை என்று நானே ஊகித்தேன். வீடு வரும்வரை எனக்குத் தெரிந்த குட்டையான ஆட்களையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். அவருடைய ஆபீஸில் ஒரு குட்டையான பெண்மணி உண்டு. அவரையும் நான் விட்டுவைக்கவில்லை.

"டிரைவர் சீட்டு எதுக்குங்க அவ்ளோ உசரம்?"

"கடைக்குப் போனியா? புது ஃபோம். உக்கார உக்கார அமுங்கிரும்."

என் முகத்தைப் பார்க்காமல் காதோரமாகப் பார்த்துச் சொன்னார். பொய்தான் என்று முடிவுகட்டினேன்.

வேலை முடிந்த அன்று அவரே என்னை ஆட்டோவில் கேம்புக்கு அழைத்துப் போனார். கதவு, டேஷ்போர்டு, சீட்டு எல்லாம் பழுப்புத் தோலில் பளபளத்தன. அவர் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து, சாவியை என்னிடம் நீட்டினார்.

"நீ ஓட்டு."

உட்கார்ந்தேன். கால் பெடலுக்கு அளவாகப் போனது. கண்ணாடி வழியே சாலை முழுதாகத் தெரிந்தது. போன மாதம் சாப்பாட்டு மேசைக்கு நாற்காலி செய்யப்போவதாகச் சொல்லி இடுப்பிலிருந்து குதிகால்வரை எனக்கு டேப் பிடித்தாரே, அது இந்த சீட்டுக்குத்தான். வேறொருத்தியாக இருந்தால் பூரித்துப்போயிருப்பாள். எனக்கோ சந்தேகம் இன்னும் கூடியது.

"என்னன்னு சொல்லாம நான் வண்டிய எடுக்க மாட்டேனுங்க."

டேஷ்போர்டின் புதுத் தோலைத் தடவிக்கொண்டே சொன்னார். "கண்ணுல நடுவால மறைக்குது. ஓரம்தான் தெரியுது. இனிமே ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"எப்ப இருந்து?"

"மழைக்கு முந்தியே ஆரம்பிச்சிருச்சு."

அந்த மழையில்தான் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து லோனாவ்லா மலைப்பாதையில் ஓட்டினார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கூடவே இருந்தும் எனக்குத் தெரியாமல் போயிற்றே என்ற ஆத்திரம் வேறு.

"இன்னும் என்னென்னங்க மறைச்சிருக்கீங்க?"

"இனி ஒண்ணுமில்ல. ரோடெல்லாம் நல்லாவே தெரியுது. நீ பயப்படாத."

நான் நம்பவில்லை. வண்டியை எடுத்தேன். வழியில் கட்கி வந்தது. அங்கே சிக்னலில் நிற்க வேண்டியிருந்தது. எங்களுக்கு நேர் எதிரே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெல்லக் கேட்டார். "பச்சை விழுந்திருச்சா?"