சாய்ந்த பகுதியின் விளக்குகள்

விழுப்புரத்தில் ஒரு டயர் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். எங்கேயோ வெளிநாட்டில் கட்டப்போகும் கட்டடங்களைக் கணினிக்குள் முன்கூட்டியே எழுப்பிக் கொடுப்பது எங்கள் வேலை. சுவர், தூண், குழாய் எல்லாம் கையால் வைப்போம். கூரை விளக்குகளுக்கு மட்டும் ஒரு ஸ்கிரிப்ட், சின்ன நிரல் ஒன்று, இருந்தது. ஓடவிட்டால் அறை அறையாகப் போய் அளந்து, விளக்குகளைத் தானே வரிசையாக மாட்டிவிடும். அதை எழுதியவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த அக்கா. திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் வருவார்.

அந்த வருஷம் பங்குனியில் அக்காவும் கணவரும் திண்டிவனம் பக்கத்துப் பிரம்மதேசத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஸ்கூட்டரில் திரும்பும்போது வண்டி மணலில் சறுக்கிவிட்டது. ஓட்டி வந்த கணவருக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. பின்னால் உட்கார்ந்திருந்த அக்காவுக்குத் தலையில் பலத்த அடி. ஆபரேஷன் ஆகி, பல வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பினார். பேசுகிறார், நடக்கிறார் என்று கேள்விப்பட்டு நாங்கள் நிம்மதியானோம்.

அப்போதுதான் ஒரு பள்ளிக்கூடத்தின் வேலை வந்தது. நேராக ஒரு பகுதி, அதன் முனையிலிருந்து சாய்வாகப் பிரிந்து போகும் இன்னொரு பகுதி. ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். நேரான பகுதியில் ஒரு விளக்கும் பிசகவில்லை. சாய்ந்த பகுதியின் விளக்குகளோ கட்டடத்துக்கு வெளியே போய், விளையாட்டு மைதானத்துக்கு மேலே அந்தரத்தில் தொங்கின.

தவறு என்று ஏதாவது காட்டியிருந்தால் பிடித்துக்கொண்டு போயிருக்கலாம். எதுவும் காட்டவில்லை. ஒவ்வொரு முறையும் வேலை முடிந்தது என்றே சொன்னது. அடிக்கணக்குக்கும் மில்லிமீட்டருக்கும் குழப்பமா என்று பார்த்தேன். தளத்தின் உயரத்தைப் பார்த்தேன். கட்டடத்தின் மூலைப்புள்ளி நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. நடுவில் ஒரு வரியில், எதற்கென்று தெரியாத ஒரு எண்ணை அக்கா கழித்திருந்தார். அதைத் தூக்கினால் நன்றாக இருந்த விளக்குகளும் தரைக்குள் இறங்கிவிட்டன. திரும்ப வைத்தால் பழையபடி மைதானம். இன்னொருவர் மனதுக்குள் கையை விட்டுத் துழாவுவது போலிருந்தது.

அக்காவிடமே ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கச் சொன்னார் மேனேஜர். தயங்கித் தயங்கித்தான் போன் செய்தேன். கணவர்தான் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார். யாராவது ஆபீஸிலிருந்து வந்தால் அவளுக்கும் நல்லா இருக்கும் என்றார்.

லேப்டாப்போடு திண்டிவனத்தில் இறங்கினேன். அக்கா வாசலுக்கே வந்து கூப்பிட்டார். தலைமுடி குட்டையாக வளர்ந்திருந்தது. என் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆயிற்றா, மேனேஜர் இன்னும் கத்துகிறாரா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். எல்லாம் ஞாபகம் இருந்தது. கணவர் வேகவைத்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, தட்டில் கொண்டுவந்து வைத்தார். இனி கவலையில்லை என்று நினைத்து லேப்டாப்பைத் திறந்தேன்.

மைதானத்தின் மேல் தொங்கும் விளக்குகளைப் பார்த்து அக்கா சிரித்தார். பிறகு ஸ்கிரிப்டைக் காட்டினேன். விரலைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாக மேலிருந்து கீழே வந்தார். உதடு அசைந்தது. கடைசி வரை போய்விட்டுத் திரும்பவும் மேலே போனார்.

"நல்லாத்தான் எழுதிக்கிறாங்க," என்றார். "யாருடா இது, புதுசா வந்தவங்களா?"

கணவர் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். பொய் சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை.

"நீங்கதான்க்கா எழுதினீங்க."

அக்கா என்னைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். விளையாடுகிறேனா என்று பார்த்த மாதிரி இருந்தது. நான் லேப்டாப்பை மூடக் கை நீட்டியபோது தடுத்துவிட்டார். அந்தக் கழித்தல் வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நெற்றி நரம்பு புடைத்தது. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியபோதும் விரலை எடுக்கவில்லை.

"போதும் தம்பி, தலவலி வந்துடும்," என்றார் கணவர். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்தார். வழியில், வீட்டிலும் இப்படித்தான் என்றார். சமையல், சொந்தக்காரர்கள் எல்லாம் நினைவிருக்கிறதாம். ஆபீஸுக்குப் போய்வந்தது நினைவிருக்கிறது, அங்கே என்ன வேலை செய்தோம் என்பதுதான் வரவில்லையாம். டாக்டர் வரலாம் என்கிறாராம், வராமலும் போகலாம் என்கிறாராம். பஸ் வந்ததும் ஏறிவிட்டேன்.

மறுநாள் மேனேஜரிடம் சொன்னேன். அவர் சாய்ந்த பகுதியின் விளக்குகளைக் கையாலேயே வைத்துவிடச் சொன்னார். மைதானத்து விளக்குகளை எல்லாம் அழித்துவிட்டு ஆரம்பித்தேன்.

மதியம் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"சரியாச்சாடா?"

"இல்லக்கா. கையாலதான் வச்சிக்கினு இருக்கேன்."

அக்காவுக்குப் பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"ராத்திரி பூரா யோசிச்சிக்கினே இருந்தேன். ஒண்ணும் வர்ல," என்றார். "போன வெச்சிடாத. நீ பாட்டுக்கு வேலயப் பாரு."

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன். ஒவ்வொரு அறையின் நடுவையும் அளந்து விளக்கை வைத்துக்கொண்டே போனேன். இப்போது எந்த அறை என்று கேட்டார். இசை வகுப்பு என்றேன். அது முடிந்ததும் அடுத்தது என்ன என்றார். சொன்னேன். பெரிய அறையா, எத்தனை விளக்கு வரும் என்று கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கேள்விகள் நின்றுவிட்டன. தூங்கிவிட்டாரோ என்று குனிந்து கேட்டேன். இல்லை, மூச்சு விடும் சத்தம் வந்தது, விழித்திருப்பவரின் மூச்சுதான். நான் வேலையைத் தொடர்ந்தேன். சாய்ந்த பகுதியில் இன்னும் நிறைய அறைகள் இருந்தன.