சுடச்சுட ஒரு டீ

டீ டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்து, மேலே ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்துவிட்டு, "இங்கயே இரு, இதோ வந்துடறேன்" என்று அதனிடம் சொல்லிவிட்டு ஓடுவார் பம்பரம் சிஸ்டர். திரும்பி வரும்போது டீயில் ஏடு படிந்திருக்கும். விரலால் அதை ஒதுக்கி, ஒரே மடக்கில் உள்ளே தள்ளுவார். நர்சாகச் சேர்ந்த நாளிலிருந்து, சூடான டீ என்பது ஊரில் மற்றவர்கள் குடிப்பது.

அவருடையது எலும்பு முறிவு வார்டு. இரண்டு பக்கச் சுவரோடும் கட்டில்கள். நடுவே இவர் ஒருவர். கக்கத்தில் யாருடைய தலையணையாவது இருக்கும். கூட்டித் துடைக்கும் ஆயா கெஞ்சுவாள்:

"கொஞ்சம் நில்லுங்க சிஸ்டர், பாக்கிற எனக்கே தலை சுத்துது."

"நின்னா சாய்ஞ்சுடுவேன் ஆயாம்மா. பேரு வெச்சதே நீங்கதானே!" என்று சிரித்துக்கொண்டே சுழலுவார்.

அந்தச் சிரிப்பு ஒரு நாள் நின்றது. மணியடித்துப் பார்த்து அலுத்துப்போன பெரியவர் ஒருவர், தானே கட்டிலைவிட்டு இறங்கிவிட்டார். கால் வழுக்கிய நொடியில் சிஸ்டர் பாய்ந்து தாங்கிக்கொண்டார். அன்று வீட்டில் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது. "என்னம்மா?" என்றார் கணவர். "இன்னிக்குப் பிடிச்சுட்டேன். நான் அந்தக் கோடியில இருந்திருந்தா?"

மறுநாள் மற்ற வார்டு நர்சுகளையும் கூட்டிக்கொண்டு நிர்வாகியின் அறைக்குப் போனார். ஷிப்டுக்கு இன்னும் ஆள் வேண்டும் என்று இவர்கள் கேட்பது புதிதல்ல. "பாக்கலாம்" என்பதும் பழைய பதில்தான்.

"பாக்கலாம் பாக்கலாம்னா எப்படி சார்? வந்து பாருங்க. நின்னுக்கிட்டு இல்ல, படுத்துக்கிட்டு."

நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே வந்தார். நோயாளிச் சட்டையை மாட்டிவிட்டு, நன்றாக இருந்த காலுக்கு ஒரு கட்டும் போட்டுவிட்டார் சிஸ்டர். "மணியடிச்சுத் தண்ணி கேளுங்க, அவ்வளவுதான்."

அடித்தார். எதிர்ப்பக்கம் ஒருவருக்குப் புண் துடைத்துக்கொண்டிருந்த சிஸ்டர், "வரேன்" என்று தலையை மட்டும் ஆட்டினார். மறுபடி அடித்தார். இப்போது சிஸ்டர் வேறொருவருக்கு டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்த டெய்லருக்கு இரக்கம் வந்துவிட்டது.

"புதுசா வந்தீங்களா? மணியடிச்சா விரல்தான் வலிக்கும். அந்தப் பொண்ணைத் திட்டிடாதீங்க, பாவம், அதுக்கும் ரெண்டு கால்தான். இந்தாங்க, என் தண்ணியைக் குடிங்க. ஆள் போடாம இருக்கானே மேனேஜர், அவனைக் கொண்டாந்து இங்க படுக்கவைக்கணும்!"

ஆயா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். நிர்வாகிக்குப் புரையேறியது.

"படுக்கவெச்சாச்சுங்க" என்றார், இருமலுக்கு நடுவே.

கட்டு போட்ட கால்கள் எல்லாம் குலுங்க வார்டே சிரித்தது. டெய்லர் மட்டும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் எல்லா வார்டிலும் ஷிப்டுக்குக் கூடுதலாக ஆட்கள் வந்தார்கள். இவருக்கு வாய்த்தது துறுதுறுவென்று ஒரு பெண். வந்த அன்றே கோடிக் கட்டிலில் மணியடித்தது. சிஸ்டர் வழக்கம்போல டீயை மூடத் தட்டை எடுத்தார்.

"நான் போறேன்க்கா. நீங்க உக்காந்து குடிங்க."

உட்கார்ந்தார். பழக்கதோஷம், ஒரே மடக்கில் குடிக்கப் போனார். நாக்கு பொத்துப்போனது, கண்ணில் நீர் முட்டியது.

"ஐயோ, என்னாச்சு சிஸ்டர்?" என்று ஓடிவந்தாள் ஆயா.

"சுடுது ஆயாம்மா, சுடுது!" நாக்கைக் கையால் விசிறிக்கொண்டே சிரித்தார். பிறகு கவிழ்க்க எடுத்த தட்டை நிமிர்த்தி, மீதி டீயை அதில் ஊற்றி, காலை நீட்டிக்கொண்டு, மெதுவாக ஊத ஆரம்பித்தார்.