நாலு விரல் கட்டை

எங்கள் கராஜ் வாசலில், ஒயில் டின்களுக்குப் பக்கத்தில், ஒரு பழைய ஸ்பிரிங் கிடக்கிறது. எத்தனையோ இரும்பை விற்றிருக்கிறேன், அதை மட்டும் விற்கவில்லை. ஒருநாள் துப்பாக்கிக்கு முன்னால் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நின்றிருக்கிறேன்.

அது வெள்ளவத்தை டொக்டருடைய காரில் இருந்தது. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். சண்டைக் காலத்தில் கொழும்புத் தமிழர் நாங்களெல்லாம் ஆமியின் கண்ணில் படாமல் போய்வரப் பார்த்தோம்; டொக்டருக்கு அந்தச் சிவப்பில் ஒரு பிடிவாதம். வளைவில் கார் சாய்கிறது என்று என்னை மருதானையில் ஒரு கார்ச் சாமான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கடைக்காரர் மேசையில் இரண்டு ஸ்பிரிங் செற் வைத்தார். ஒன்று பழசைவிட நீளத்தில் ஒரு விரல் கட்டை, அதோடு அதற்கேற்ற இறுக்கமான ஷொக் அப்சோபர். மற்றது நாலு விரல் கட்டை. "இதைப் போட்டா கார் றோட்டை நக்கிக்கொண்டு ஓடும் டொக்டர்" என்றார். டொக்டர் என்னைப் பார்த்து, "நீர் என்ன சொல்லுறீர்?" என்றார். நாலு விரல் குறைந்தால் பின்பக்கம் குந்திவிடும், டிக்கியில் பாரம் ஏற்றின கார் மாதிரி நிற்கும் என்று எனக்குத் தெரியும். கொழும்பில் அப்படி நிற்கும் காரை ஆமிக்காரன் குண்டு ஏற்றின கார் என்று நினைப்பான் என்பதும் தெரியும். ஆனால் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படித்த மனுசர் ஆசையாகக் கையில் எடுத்த சாமானை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "உங்கட விருப்பம் டொக்டர்" என்றேன்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் கராஜில் நாலு விரல் செற்றைப் பூட்டி முடித்து, கழற்றிய ஸ்பிரிங்குகளைச் சாக்கில் சுற்றி டிக்கியில் வைத்தேன். பழைய சாமானைக் கண்ணில் காட்டாவிட்டால் மாற்றவே இல்லை என்பார்கள். எல்லாக் கராஜிலும் அதுதான் வழக்கம். ஓட்டிப் பார்க்க இருவரும் புறப்பட்டோம். முதல் செக் பொயின்றிலேயே ஒரு ஆமிக்காரன் பின்சில்லுக்கு மேல் கார் பதிந்திருப்பதைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினான். அடையாள அட்டைகளில் பெயர்களை வாசித்தான். பின்னுக்கு என்ன பாரம் என்று சிங்களத்தில் கேட்டான். டொக்டரின் சிங்களம் நோயாளியிடம் எங்கே நோகிறது என்று கேட்கும் அளவுக்குத்தான். ஒன்றுமில்லை என்றார். டிக்கியைத் திறந்தால் சாக்கு. தொட்டுப் பார்த்தால் உள்ளே இரும்பு. துப்பாக்கிகள் நிமிர்ந்தன. டொக்டரை முழங்காலில் நிற்க வைத்தார்கள்.

அப்போதுதான் என் வாய் திறந்தது. "மாத்தயா, நான் கராஜ்காரன், எடுத்துக் காட்டுகிறேன்" என்று எனக்குத் தெரிந்த கடைச் சிங்களத்தில் கெஞ்சினேன். சாக்கை அவிழ்த்து ஸ்பிரிங்கைத் தூக்கிப் பிடித்தேன். இது கழற்றியது, உள்ளே இருப்பது கட்டை, அதனால்தான் கார் பதிந்திருக்கிறது என்றேன். அவன் குனிந்து சில்லுக்குப் பின்னால் பார்த்துப் புதிய ஸ்பிரிங்கின் சுற்றுகளை எண்ணினான். பிறகு என் கையில் இருந்ததை எண்ணினான். அங்கே ஆறு, இங்கே எட்டு. திரும்பவும் எண்ணினான். "எந்த விசரன் இந்த வேலையைச் செய்தது?" என்று கேட்டான். நான்தான் என்றேன். டொக்டரை எழும்பச் சொன்னான்.

திரும்பி வரும்போது டொக்டர் முழங்கால் மண்ணைத் தட்டவேயில்லை. "குந்தும் எண்டு முதலே தெரியுமோ?"

"ஓம் டொக்டர்."

"பிறகேன் ஐசே சொல்லேல்லை?"

அடுத்த நாள் ஒரு விரல் செற்றைப் பூட்டினோம். பழைய ஸ்பிரிங்கை அவர் எடுக்கவில்லை. "உம்மட்டையே கிடக்கட்டும்" என்றார்.

போன கிழமை ஒரு பெடியன் தன் காரை நாலு விரல் பதிக்கவேண்டும் என்று வந்தான். அவன் சொல்லி முடிக்க முதலே, "வேண்டாம் தம்பி, பின்பக்கம் குந்தும்" என்றேன். அவன் சிரித்தான். "குந்தினா என்ன அண்ணை, ஆர் பாக்கப் போறாங்கள்?"

உண்மைதான், சண்டை முடிந்து செக் பொயின்றுகளையும் எடுத்துவிட்டார்கள், ஒருவரும் பார்க்கமாட்டார்கள். அவன் காரைத் தூக்க ஜாக்கியை எடுக்க வாசலுக்கு வந்த நான், அந்த ஸ்பிரிங்கின் சுற்றுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். எட்டு. திரும்பவும் எண்ணினேன்.