நானிக்கு வழி விட்டவர்

ஸ்டெல்லா ஆன்ட்டி போய்விட்டார் என்று எனக்குச் சொன்னவர், போவன்பள்ளியில் பழைய மரச்சாமான் கடை வைத்திருக்கும் யூசுஃப் பாய். "ஆன்ட்டி குஜர் கயே, மேடம்" என்றார். நான் அலுவலகப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். பாய் போனை வைக்கவில்லை. ஆன்ட்டி சொல்லிவைத்திருந்த கலர் கண்ணாடி ஜன்னலோடு வந்திருக்கிறாராம். வாசலில் கூட்டம். ஜன்னல் ஆட்டோவில் கிடக்கிறது. இறக்குவதா, திருப்பிக் கொண்டுபோவதா? இறக்கச் சொன்னேன். ஆன்ட்டி இருந்திருந்தால், கண்ணாடி கீறல் விழாமல் வந்ததா என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

சர்ச்சில் அவரோடு பாடியவர்களும் ரயில்வே ஆபீஸில் அவரோடு வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கு அவர் கறாரான ஸ்டெல்லா மேடம். எனக்கு வீட்டுக்கார அம்மா. லாலாகுடாவில் அவர் வீட்டு மாடியில்தான் பல வருடங்கள் குடியிருந்தேன். திருச்சியிலிருந்து, தெலுங்கும் உருதும் பேசும் இந்த ஊருக்கு ஐ.டி. வேலைக்கு வந்தவளுக்கு, தமிழில் திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்ததே பெரிய விஷயம்.

பழைய சாமான் என்றாலே எனக்கு ஆகாது. முதல்நாள் அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது, ஏதோ ஏலக்கடைக்குள் வந்துவிட்டோமோ என்று இருந்தது. சோபா இருக்க வேண்டிய இடத்தில், இடித்த சர்ச் ஒன்றின் நீள பெஞ்சு. ரயில் பெட்டியில் சாமான் வைக்கும் கம்பித் தட்டு சமையலறையில் ஏறி, தட்டும் தம்ளரும் தாங்கிக்கொண்டிருந்தது. சுவரெல்லாம் அந்தக் காலத்துக் கறுப்பு உருண்டை சுவிட்சுகள். பெஞ்சின் முதுகில் யாரோ ஆணியால் கிறுக்கியிருந்தார்கள். "இதைத் தேய்த்து பாலிஷ் போட்டால் பளபளவென்று ஆகிவிடுமே ஆன்ட்டி" என்றேன். வந்ததே கோபம்!

"நக்கோ! கை வச்சேன்னா தெரியும். சாமானை வாங்குதவ, அதுல புழங்குன ஆளுகளையும் சேத்துத்தான் ஏட்டி வாங்கணும்" என்றார். பாளையங்கோட்டையிலிருந்து அவர் தாத்தா இங்கே வந்து மூன்று தலைமுறை ஆகியும் அந்த 'ஏட்டி' போகவில்லை. நடுவே இந்த ஊர் உருதிலிருந்து, வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'வும் ஆமாம் என்பதற்கு 'ஹவ்'வும் வந்து குடியேறிக்கொண்டன, அவ்வளவுதான்.

குடிவந்த புதிதில் ஒருநாள் கீழே அவர் தனியாகப் பேசுவது கேட்டது. "தள்ளு நானி, வழியில நிக்காத, கையில குழம்பு இருக்கு." எட்டிப் பார்த்தேன். கூடத்துக்கும் உள்ளறைக்கும் இடையிலுள்ள நிலைவாசலில் அவர் மட்டும் குழம்புச் சட்டியோடு நின்றார். யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டதற்கு, அந்த நிலைக்காலைக் காட்டினார்.

அது யூசுஃப் பாய் ஏதோ ஒரு வீட்டை இடித்த இடத்திலிருந்து எடுத்து வந்த தேக்கு நிலை. குழந்தைகளை நிறுத்தி உயரம் அளந்த பென்சில் கோடுகள் அதில் இருந்தன. பக்கத்தில் ஆங்கில எழுத்தில் பெயரும் வருடமும். பேபியின் கோடுகள் மளமளவென்று மேலே போகின்றன. சன்னியின் கோடுகள் அதையும் தாண்டுகின்றன. நானிக்கு மட்டும் மூன்றே கோடுகள், பள்ளிக்கூடப் பையன் உயரத்தில், ஒன்றோடொன்று ஒட்டினாற்போல. அதற்கப்புறம் இல்லை.

"இந்தப் பிள்ளை வளரவே இல்ல, பாத்தியா?" என்றார். "ஏதோ நோக்காடு. அப்புறம் போயிருச்சு."

"வேறு ஊருக்குப் போயிருக்கலாமே?"

"போன பிள்ளைன்னு எனக்குத் தெரியும் ஏட்டி."

நானியின் கோடுகளில் வருடங்களும் தலைகீழாக இருந்தன. மேல்கோட்டில் பழைய வருடம், கீழ்க்கோட்டில் புதிய வருடம். பிள்ளைகள் மாற்றி எழுதியிருக்கும் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். தெலுங்கு வீடுகளில் செல்லப் பையனை நானி என்று கூப்பிடுவது இந்த ஊரில் யாருக்குத் தெரியாது? உள்ளறை விளக்கை அவர் அணைத்ததே இல்லை. நானி பயப்படுவானாம். சிரித்துக்கொண்டிருந்த நானும் போகப் போக அந்த வாசலை ஒதுங்கியே கடக்கப் பழகினேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அங்கே ஒரு பையன் நின்றுகொண்டுதான் இருந்தான்.

அவருக்கு ஜோயல் என்று ஒரு மகன் இருந்ததும், பத்து வயதில் காய்ச்சலில் இறந்ததும் எனக்கு வெகுகாலம் தெரியாது. ஊரார் வீட்டுச் சாமான்கள் நிறைந்த வீட்டில் அந்தப் பிள்ளையின் படம்கூடக் கிடையாது. ஒரு கிறிஸ்துமஸ் அன்று, கேக்கை வெட்டிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னார். "அவன் சட்டை, புஸ்தகம், பேட்டு, போட்டோ எல்லாத்தையும் அந்த வாரமே சொந்தக்காரங்க தூக்கிக் குடுத்துட்டாங்க. கண்ணுல பட்டா நான் அழுவேனாம். அவன் தொட்ட சாமான்னு ஒண்ணுகூட வைக்கல பாவிங்க." அதற்குப் பிறகு பாலிஷ் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

நான் வேறு வீட்டுக்கு மாறிய பிறகு, போன வருடம் என் அலுவலகத் தோழி ஷாஹிதாவை அழைத்துப் போனேன். வீட்டைச் சுற்றிப் பார்த்தவள் நிலைக்கால் பக்கம் வந்ததும் கலகலவென்று சிரித்தாள். "எங்க வீட்டுலயும் நானியை இப்படித்தான் நிறுத்தி வச்சு அளப்போம். வருஷா வருஷம் குறைஞ்சுக்கிட்டே வருவாங்க, நாங்க உருண்டு உருண்டு சிரிப்போம்" என்றாள் ஹிந்தியில். உருது பேசும் வீட்டில் நானி என்றால் அம்மாவைப் பெற்றவள். வருடங்களை யாரும் மாற்றி எழுதவில்லை. பேரப்பிள்ளைகள் வளர வளர, கிழவி கூனிக்கொண்டே வந்திருக்கிறாள்.

நான் ஆன்ட்டியின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஷாஹிதாவுக்குத் தேநீர் கொடுத்து, கேக் கட்டிக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அந்த வார்த்தை எனக்குத் தெரியாதா? பொறந்ததுலருந்து கேக்கேன். பிள்ளையைத் தேடுத கண்ணு, பிள்ளைன்னுதானே படிக்கும்?"

"நல்லதுதானே ஆன்ட்டி, எந்தப் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை."

"ஹவ், நல்லதுதான்" என்றார். "ஜோயலுக்குத் துணைக்கு ஒருத்தன் இருக்கான்னு இருந்தேன். இப்போ அவன் தனியால்லா நிப்பான்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை.

பிறகு எழுந்துபோய்ப் பென்சில் எடுத்துவந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நிலைக்காலோடு ஒட்டி நின்றார். கழுத்துக்குழியில் உள்ளங்கையை வைத்து, "இது வரைக்கும் வருவான். சர்ச்சுல பக்கத்துல நின்னா அவன் தலை இங்கன இடிக்கும். கோடு போடு" என்றார். போட்டேன். பக்கத்தில் அவரே ஜோயல் என்று எழுதினார். அவன் பெயரை அந்த வீட்டில் அன்றுதான் எழுத்தில் பார்த்தேன்.

இரண்டடி நடந்தவர் நின்றார். திரும்பி வந்து நானியின் கோடுகளை மேலிருந்து கீழாக விரலால் தடவினார்.

"இந்தக் கிழவியே இவ்வளவு குறைஞ்சிருக்கான்னா, நானும் குறைஞ்சிருப்பேன்லா?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"அவன் இருக்கையில நான் இன்னும் உசரம்லா. அப்போ பிள்ளை இதுக்கும் மேல ஏட்டி!" என்று கத்தினார். இரண்டு விரல் அளவு தள்ளி, மேலே இன்னொரு கோடு போட்டார்.

அடக்கம் முடிந்ததும் அவருடைய தங்கை மகன் வந்து, வீட்டிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த நிலையை மட்டும் கேட்டேன். யூசுஃப் பாயே பெயர்த்துக் கொண்டுவந்து என் வீட்டில் சாத்திவைத்திருக்கிறார். ஆனால் நான் வைத்திருப்பது மரத்தை அல்ல. அன்றைக்கு, தவறாகப் போட்ட கீழ்க்கோட்டை அழித்துவிடட்டுமா என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்ன பதிலைத்தான் வைத்திருக்கிறேன்.

"நக்கோ ஏட்டி, ரெண்டும் இருக்கட்டும். பாக்கவனுக்கு, அவன் வளந்த மாதிரி இருக்கும்லா."