இரண்டு முறை சேர்த்த அடினின்

ஈஸ்ட் செல்லின் உட்கருவுக்குள் ஒரு மரபணு எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் என் ஆராய்ச்சி. குரோமோசோமின் நடுவில் இருந்தால் அது ஒழுங்காக வேலை செய்யும். அதையே நுனியில் வைத்தால் பெரும்பாலும் அடங்கிப்போகும், ஏனென்றால் நுனிகள் உட்கருவின் சுவரோரம் ஒட்டிக் கிடப்பவை. மரபணுவில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. நான் நுனியில் வைத்த மரபணு அடங்கினால் ஈஸ்ட் சிவப்பாக வளரும், விழித்தால் வெள்ளை. சுவரோடு பிடித்துவைக்கும் புரதத்தை நீக்கினால் எல்லாம் வெள்ளையாகும் என்பது என் வாதம். திங்கட்கிழமை ஆய்வுக் குழுவுக்கு அதைக் காட்ட வேண்டும். தவறினால் மூன்றாவது முறையாகக் கால நீட்டிப்பு.

"செவப்பா வெள்ளையான்னு பாக்கறதுக்கா அம்மணி அஞ்சு வருசம்?" என்று மாமியார் ஒருமுறை கேட்டார்.

அன்று மூன்று வயது மகளைக் காய்ச்சலோடு சோமனூரில் அவரிடம் விட்டுவிட்டு, கோவையில் ஆய்வகத்தில் ஈஸ்ட் வளர்வதற்கான ஊட்டக் கலவையை, அதாவது ஊடகத்தை, கலக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"காலைல மருந்து குடுத்தியா கண்ணு? பாப்பா இல்லீங்குது."

"குடுத்தேனுங்க அத்தை" என்றேன். சொன்ன கணமே சந்தேகம். மருந்துக் கரண்டியைக் கழுவியது இன்றா, நேற்றா?

"சரியா ஞாபகமில்லீங்க அத்தை. சந்தேகம்னா மறுபடி குடுத்துப்போடாதீங்க. மத்தியானம் பாத்துக்கலாம்."

போனை வைத்துவிட்டுக் குடுவையைப் பார்த்தேன். அதில் அடினின் என்ற சத்தைச் சேர்த்தேனா? கரைந்துவிட்டால் தடயமே இருக்காது. அது இல்லாவிட்டால் மரபணு அடங்கிய செல்கள் வளரவே வளரா. பயத்தில் மறுபடி எடைபோட்டுக் கொட்டினேன். குழந்தைக்கு அரை நிமிடம் முன்பு நானே சொன்ன விதியை ஈஸ்டுக்கு மறந்துவிட்டேன்.

அந்த ஊடகத்தை ஊற்றி உறையவைத்த தட்டுகளில் ஈஸ்டைப் பரப்பி மூன்று நாள் வளர்த்தேன். நிறம் ஏறுவதற்காக மூன்று நாள் குளிரில் வைத்தேன். வெள்ளிக்கிழமை எடுத்தால் புரதம் நீக்கிய ஈஸ்டின் தட்டு முழுக்க வெள்ளை. படம் எடுத்துக் கணவருக்குக்கூட அனுப்பிவிட்டேன். பிறகுதான் ஒப்பிடுவதற்காக வைத்திருந்த, எதையும் நீக்காத ஈஸ்டின் தட்டைத் திறந்தேன். பாதியாவது சிவந்திருக்க வேண்டியது, அதுவும் வெள்ளை. அடினின் அதிகமாகக் கிடைத்தால் அடங்கிய செல்லும் சிவக்காது. இனி இந்தத் தட்டுகளை வைத்து எதையும் சொல்ல முடியாது.

முதல் படத்தை மட்டும் காட்டினால் யாருக்குத் தெரியும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். மாலையே என் வழிகாட்டியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பெருமூச்சு விட்டு, "மறுபடி போடுங்க. நீட்டிப்புக்கு எழுதிக் குடுத்துருங்க" என்றார்.

கணவர் இதற்குள் படத்தைப் பெருமையாகச் சோமனூர் வீட்டில் காட்டியிருந்தார். அங்கே போனதும் மாமியாரிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"வெள்ளையாகோணும்னுதானே இருந்தே? ஆயிருச்சல்ல?"

"அது ஆகலாமுங்க அத்தை. எதையும் நீக்காத இன்னொரு தட்டு ஆயிருக்கக்கூடாதுங்க."

அவர் பாப்பாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் புது ஊடகம் கலக்கினேன். இம்முறை ஒவ்வொன்றையும் சேர்த்ததும் தாளில் குறியிட்டேன். அடினின் முறை வந்தபோது அதற்கு நேராக ஏற்கெனவே குறி இருந்தது. சேர்த்துவிட்டுப் போட்டேனா, சேர்க்கப் போகிறேன் என்று போட்டேனா? இரண்டு நிமிடம் நின்று பார்த்தேன். பிறகு குடுவையைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டு, பட்டியலின் முதல் உப்பிலிருந்து மறுபடி எடைபோடத் தொடங்கினேன்.