பேட்டரி எங்கே தூங்கும்?

எண்பத்தொன்று, எண்பத்திரண்டு என்று ரத்னவேல் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருக்கிறார். நீட்டிய வலது கையின் முனையில், பேட்டரியால் ஓடும் புல்வெட்டி ஒன்று விலைச்சீட்டு ஆட அந்தரத்தில் நிற்கிறது. நூறு வரை கை நடுங்கக் கூடாது என்பது அவருடைய விதி. எண்பத்தேழில் நடுங்கிவிட்டது. மெஷினை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, "தப்பா நெனைக்காதீங்க பாய். இதச் செஞ்சவன் ஒரு நாளாச்சும் இதத் தூக்கிப் பாத்திருப்பானா?" என்றார்.

சிங்கப்பூர்த் தேக்காவில், காய்கறிக் கடைகள் முடிந்து இரும்புச் சாமான் கடைகள் தொடங்கும் சந்தில் இருக்கிறது அப்துல் கையூமின் கடை. ரத்னவேல் அங்கே வந்து நிற்பது இது நான்காவது ஞாயிற்றுக்கிழமை.

"அண்ணே, இது கடைலா, ஜிம் இல்ல. வாங்குறதுன்னா வாங்குங்க. எக்சர்சைஸ்னா ஈசூன் ஸ்டேடியத்துக்குப் போங்க."

"வாங்கப்போறது நான் இல்ல பாய். தூக்கப்போறதுதான் நான்."

ரத்னவேலுக்கு ஐம்பத்தெட்டு வயது. சிலேத்தார் ஹில்ஸ் பக்கம் எங்கள் தெருவில், ஏழு தரைவீடுகளுக்குப் பதினோரு வருடமாகப் புல் வெட்டுகிறார். அந்த ஏழு வீடுகள்தான் அவர் பிழைப்பு. அவருக்கென்று சொந்தமாக ஒரு பிடி புல்லும் கிடையாது. ஈசூனில் ஒன்பதாவது மாடியில் மூவறை வீடு. வலது காதில் எப்போதும் பஞ்சு இருக்கும், வேலையில்லாத நாளிலும். "எடுத்தா ஊரே கத்துது" என்பார். தொப்பிக்கு அடியில் ஈரத்துண்டு. யாரையாவது திட்டுமுன் "தப்பா நெனைக்காதீங்க" என்று அனுமதி கேட்டுக்கொள்வார். அதைக் கேட்டதும் எங்கள் தெருக்காரர்கள் அவசர வேலை நினைவுக்கு வந்ததுபோல் உள்ளே போய்விடுவார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. பத்தொன்பதாம் எண் வீட்டின் இரும்புக் கேட் தரையில் உரசிக் கிறீச்சிடும். ரத்னவேல் அதைத் திறக்கும்போதும் மூடும்போதும் முழங்காலைக் கொடுத்து ஓர் அங்குலம் தூக்கிக்கொள்வார். வீட்டுக்காரர் சிவதர்ஷினி உள்ளே மீட்டிங்கில் இருப்பார் என்பதற்காக. யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. அவர் அப்படிச் செய்வது சிவதர்ஷினிக்குத் தெரியவும் தெரியாது.

சிவதர்ஷினி ஒரு வங்கியில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே வேலை. எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவை நடத்துவதும் அவர்தான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பாட்டனார் விட்டுச்சென்ற தமிழில் 'எங்கட' முதலிய சில சொற்கள் அவரிடம் மிச்சமிருக்கின்றன, மற்றதெல்லாம் ஆங்கிலம் கலந்த சிங்கப்பூர்த் தமிழ். மார்ச் மாதத்தில் ஒரு நாள், ரத்னவேலின் பெட்ரோல் மெஷின் போட்ட சத்தத்தில் மீட்டிங்கில் லண்டன்காரர் பேசியது தன் காதில் விழவில்லை என்று குழுவில் எழுதினார். உடனே ஒருவர் பறவைகள் பயப்படுவதாக எழுதினார். இன்னொருவர் பூமி சூடாகிறது என்று எழுதினார். அவர் வீட்டில் எட்டு ஏர்கான். பேட்டரி மெஷினுக்கு மாறலாமா என்று ஓட்டெடுப்பு நடந்து, ஏழு வீடுகளிலிருந்தும் ஏழு கட்டைவிரல்கள் உயர்ந்தன. அவற்றில் ஒன்று பதினேழாம் எண் வீட்டுக்காரனுடையது, அதாவது என்னுடையது.

பூமியைக் காப்பாற்றுவதென்று ஒரு தெரு முடிவெடுத்துவிட்டால், அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் நடக்க ஓர் ஆள் வேண்டும். "அங்கிள், நீங்கதான் எக்ஸ்பர்ட். எது நல்லதுன்னு பாத்துச் சொல்லுங்க, நாங்க ஏழு வீடும் சேர்ந்து வாங்கிடறோம்" என்றார் சிவதர்ஷினி. மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். ரத்னவேல் அதை உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்.

விளம்பரத் தாள்களைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாவற்றிலும் ஒரே வெள்ளைக்காரர். வெள்ளைக் கால்சட்டை, பக்கத்தில் நாய், கண்ணுக்கெட்டிய தூரம் மேசைபோல் சமமான புல்வெளி. "லொங்காங் எங்க பாய்?" என்று கையூமிடம் கேட்டார். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுப் புல்லும் கடைசியில் சரிந்து லொங்காங்கில், அதாவது சாக்கடையில்தான் போய் முடிகிறது. வேலையில் பாதி அந்தச் சரிவில்தான். "இவன் வெட்டுறது புல்லே இல்ல, கார்ப்பெட்டு. நம்ம புல்லு தெனமும் மழை குடிக்குது. குடிகாரப் புல்லு."

அதனால் குடிகாரப் புல்லையே கடைக்குக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் பையில், முந்தைய நாள் வெட்டி நனைத்துவைத்த புல். சக்கரம் வைத்த மெஷினாயிருந்தால் அதன் வயிற்றுக்குள் ஒரு பிடியைத் திணித்து, அடைத்துக்கொள்கிறதா என்று பார்ப்பார். கையூம் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சத்தச் சோதனை. மெஷினை ஓடவிட்டுக்கொண்டே மனைவி முத்தாயிக்குப் போன் போடுவார். "எங்க இருக்கீங்க?" என்று முத்தாயி கேட்டால் மெஷின் பாஸ். "மறுபடியும் அந்தக் கடையா?" என்று கேட்டால் ஃபெயில். எத்தனை டெசிபல் என்று அட்டையில் அச்சடித்திருப்பதை அவர் நம்புவதில்லை. முத்தாயியின் காதை நம்புகிறார்.

நான்காவது ஞாயிறு மாலைக்குள் ஒரு மெஷின் எல்லாவற்றிலும் தேறிவிட்டது. தோளில் மாட்டும் வகை. பிடியில் நடுக்கமில்லை. நைலான் கயிறு ஈரப்புல்லை உழைத்து வெட்டியது. இரண்டு பேட்டரி, ஒன்று தீர்ந்தால் மற்றொன்று. அதிசயமாக, சிவதர்ஷினியின் கைப்பேசியிலும் அதே மெஷினுக்கு நான்கரை நட்சத்திரம். குழுவில் அதன் படத்தையும் பாதுகாப்புச் சான்றிதழையும் போட்டார். சாம்பல் நிறம் நல்லதா, பச்சை நல்லதா என்று இரண்டு நாள் விவாதம் நடந்தது. உத்தரவாதம் எத்தனை வருடம், கயிறு பட்டுக் கல் தெறித்தால் கார்க் கண்ணாடிக்கு என்னாகும், ரிப்பேருக்கு எங்கே போவது, எல்லாம் கேட்டார்கள். ஒன்றை மட்டும் ஏழு வீட்டில் ஒரு வீடும் கேட்கவில்லை.

மெஷின் வந்திறங்கிய அன்று பத்தொன்பதாம் எண் வீட்டின் பக்கவாட்டுக் கொட்டகையில் அதை மாட்டிவைத்துவிட்டு, ரத்னவேல் சார்ஜருக்குப் பிளக் தேடினார். சுவரில் இருந்தது.

"இல்ல அங்கிள், மெஷின் இங்கயே இருக்கட்டும். பேட்டரி ரெண்டையும் நீங்க கொண்டுபோய் வீட்டில சார்ஜ் பண்ணிட்டு வந்துடுங்க."

"இங்கயே பிளக் இருக்கே மேடம்."

"சேஃப்டி அங்கிள். லித்தியம் பேட்டரி. நியூஸ்ல பாக்கறீங்கதானே, எப்பிடி எரியுதுன்னு? எங்கட வீட்டில சின்னப் பிள்ளைகள் இருக்கினம்."

அவர் சொன்னபோது, இரண்டடி தள்ளி அவருடைய புதிய மின்சாரக் கார் சுவரிலிருந்து ஒரு கறுப்புக் கயிற்றின் வழியாக நிதானமாக மின்சாரம் குடித்துக்கொண்டிருந்தது. ரத்னவேல் காரைப் பார்த்தார். சிவதர்ஷினியைப் பார்த்தார். "வேற யாரு வீட்லயாச்சும் வெக்கலாமான்னு குரூப்ல கேட்டுப் பாருங்க மேடம்" என்று மட்டும் சொன்னார்.

சிவதர்ஷினி கேட்டார். அதை ஒப்புக்கொள்ள வேண்டும். மெஷினின் நிறத்தைப் பற்றி நாற்பத்தாறு செய்தி எழுதிய குழுவில், யார் வீட்டில் பேட்டரி வைப்பது என்ற கேள்விக்கு ஒரு பதிலும் வரவில்லை. எல்லோரும் படித்துவிட்டோம் என்பதற்கு அடையாளமாக நீலக் கோடுகள் மட்டும் விழுந்தன. என் வீட்டுக் கார் கொட்டகையில் தாராளமாக இடமிருக்கிறது. நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

சாதுவான மனிதர்கள், படித்தவர்கள், தீபாவளிக்கு ரத்னவேலுக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பவர்கள். அப்படிப்பட்ட ஏழு குடும்பங்கள் கூடி, தங்கள் தோட்டத்துக்கான தீப்பயத்தை ஒன்பதாவது மாடிக்கு அனுப்பிவைத்தோம். அதற்குப் பெயர் பசுமை.

அந்த மூவறை வீட்டில் ஐந்து பேர். ரத்னவேல், முத்தாயி, மகன் திலீப், மருமகள் கவிப்ரியா, ஐந்து மாதப் பேத்தி இனியா. அவர்கள் புளோக்கின் மின்தூக்கிப் பக்கத்தில், பேட்டரி எரிந்து கறுத்த வீட்டின் படத்தோடு ஓர் எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருக்கிறது. தூங்கும் நேரத்தில் சார்ஜ் போடாதீர்கள் என்கிறது அது. ரத்னவேல் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர். மாலை வேலை முடிந்து வந்ததும் சமையலறைச் சன்னலருகே பீங்கான் ஓட்டுத் தரையில் ஒரு பேட்டரியை வைத்துச் சார்ஜ் போடுவார். எதிரே பிளாஸ்டிக் முக்காலி. பக்கத்தில் ஒரு வாளி மணல். ஒன்றரை மணி நேரம் சீரியல் பார்ப்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு இரண்டாவது பேட்டரி. மறுபடியும் ஒன்றரை மணி நேரம். முத்தாயி அவரைத் தாண்டித் தாண்டிச் சமைப்பார்.

"என்ன பாக்குறீங்க?"

"பச்ச லைட்டு வருதான்னு."

"கல்யாணத்துக்கு முன்னாடி என்னைக் கூட இப்படிப் பாக்கல."

இரண்டாவது வாரம் கவிப்ரியா பெட்டி கட்டினாள். சண்டை எதுவும் இல்லை. "மாமா, உங்கள நான் கொற சொல்லல. கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு எனக்குத் தூக்கம் வரல மாமா. வீட்டுல இந்த பேட்டரி சார்ஜ் போடறது முடியட்டும், வந்துடறேன்" என்றாள். தீவின் தெற்கே குவீன்ஸ்டவுனில் அவள் அம்மா வீடு. திலீப்பும் கூடவே போனான். போகும்போது, "அப்பா, அவங்ககிட்ட ஸ்ட்ரெய்ட்டா சொல்லிடுங்கலா" என்றான். "சொன்னா ஏழு வீடும் போயிடும்டா" என்றார் முத்தாயி.

அதுதான் விஷயம். ஏழு வீடா, பேத்தியா? வாரத்தில் ஆறு நாள் வேலை செய்பவருக்குக் குவீன்ஸ்டவுன் வேறு தேசம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கைப்பேசியில் இனியாவைப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே இடது கண்ணால் பேட்டரியையும் பார்ப்பார். குழந்தை குப்புற விழக் கற்றுக்கொண்டதை அப்படித்தான் பார்த்தார். சார்ஜர் பச்சையானதும் அதே நிமிடத்தில்தான். "எதப் பாக்குறதுன்னு தெரியல சார்" என்று என்னிடம் சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க" என்று அதற்கு முன்னால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போன வியாழக்கிழமை பிற்பகல் ஏழாவது வீட்டையும் முடித்துவிட்டுப் பத்தொன்பதாம் எண்ணுக்கு வந்தார். மெஷினைக் கழுவித் துடைத்து மாட்டினார். பேட்டரிகள் இரண்டையும் கழற்றித் துண்டால் ஒற்றினார். பொட்டலம் ஒன்றை எடுத்துப்போக வாசலுக்கு வந்த சிவதர்ஷினியின் காதுகளில் வெள்ளையாக இயர்போன்.

"மேடம், ரெண்டு நிமிஷம்."

"மீட்டிங்ல இருக்கேன் அங்கிள்."

"இருங்க. சத்தம் போட மாட்டேன். நானும் இப்ப பேட்டரி மெஷின்தானே."

வேலிக்கு இந்தப் பக்கம் குரோட்டன் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நான் குழாயை மூடினேன்.

"இது ரெண்டும் இனிமே இங்கதான் இருக்கும் மேடம்."

"நாங்க பேசினதுதானே அங்கிள். சேஃப்டி…"

"அந்தக் காரு வயித்துல இருக்கறது என்ன மேடம்? சக்கரவள்ளிக் கெழங்கா?"

"அது சர்ட்டிஃபைட் அங்கிள்."

"இதுக்கும் சர்ட்டிபிகேட் இருக்குன்னு நீங்கதான் குரூப்ல படம் போட்டீங்க."

"பட், கார் வெளியிலதானே நிக்குது."

"கொட்டகையும் வெளியிலதான் நிக்குது. பதினோரு வருஷமா என் பெட்ரோல் கேன் அதுக்குள்ளதான் படுத்திருந்துச்சு."

"பெட்ரோலா? எங்கட வீட்டிலயா?"

"நீங்க ஒரு நாளும் கேக்கல. எல்லாரும் நல்லாத்தான் தூங்குனீங்க." ரத்னவேலின் குரல் உயரவே இல்லை. "என் வீட்டுல தூங்க முடியாம எம்பேத்தி வேற வீட்டுக்குப் போயிருச்சு மேடம். உங்க பிள்ளைங்க மாதிரிதான் அதுவும். நெருப்புக்கு அட்ரஸ் தெரியாது."

சிவதர்ஷினி என்னவோ சொல்ல வாயெடுத்தார். காதுக்குள் யாரோ கேள்வி கேட்டிருக்க வேண்டும். "யெஸ், யெஸ், ஐம் ஹியர்" என்று லண்டனுக்குப் பதில் சொன்னார். அந்த இடைவெளியில் ரத்னவேல் முதல் பேட்டரியை அவருடைய இடது உள்ளங்கையில் வைத்தார். பொட்டலத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் அதை வாங்கினார். வேறென்ன செய்வது, கீழே போட முடியுமா? இரண்டாவதை வலது உள்ளங்கையில் வைத்தார்.

"தப்பா நெனச்சாலும் பரவால்ல மேடம். இன்னிக்கிச் சாயங்காலம் பேத்தி வருது."

தொப்பியை மாட்டிக்கொண்டார். மோட்டார் சைக்கிளைத் தெருவுக்கு உருட்டி நிறுத்திவிட்டுத் திரும்பிவந்து கேட்டில் கை வைத்தார். சிவதர்ஷினி ஏந்திய இரண்டு கைகளோடு அப்படியே நின்றிருந்தார். ரத்னவேலின் முழங்கால் பழக்கத்தில் ஒருமுறை முன்னால் வந்தது. அதைப் பின்னால் எடுத்துக்கொண்டு, கேட்டைக் கடைசி அங்குலம் வரை தரையோடு கிறீச்சிட இழுத்து மூடினார்.