பத்து நிமிடத்துக்கு ஒரு மாஷா அல்லாஹ்

ஸுபைதா டீச்சருக்கு உளப்பகுப்பாய்வாளர் ஆகும் ஆசை ஐம்பத்திரண்டு வயதில் வந்தது. மாத்தளைப் பாடசாலையொன்றில் ஒன்பது வருடம் ஆலோசனை ஆசிரியை. "புள்ளைகள்ட கதைய எல்லாம் கேட்டேன். பாதி விளங்கல்ல. இனி விளங்கிக்கப் போறேன்" என்றார். மகன் றினோஸ் லெப்டொப்பைப் பொருத்திக் கொடுத்தான்.

பெரியவர்கள், சிறுவர்கள் இரு தரப்புக்கும் சிகிச்சை தரப் பயிற்சி. வகுப்பு கொழும்பில், லெப்டொப் வழியாக. முதல் வருடத்து வேலை கேட்க லேசு: கைக்குழந்தை உள்ள ஒரு வீட்டுக்கு வாரத்தில் ஒரே நாள், ஒரே நேரத்துக்குப் போய், ஒரு மணித்தியாலம் குழந்தையைப் பார்க்க வேண்டும். பார்க்க மட்டும். தூக்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது, பேச்சும் கூடாது. வீட்டுக்கு வந்து பார்த்ததைக் கொப்பியில் எழுத வேண்டும். ஒரே வீட்டில் ஒரு வருடம் நிரம்பினால்தான் அடுத்த கட்டம்.

டவுனில் கிடைத்த முதல் வீடு மூன்றாம் வாரமே கதவைச் சாத்தியது. நாவுலயில் இரண்டாவது வீட்டார் அவரை மிட்வைஃப் என்று நினைத்து, தடுப்பூசி அட்டையை நீட்டிக்கொண்டே இருந்தார்கள். இல்லையென்று தெரிந்ததும் தேத்தண்ணியோடு அனுப்பிவிட்டார்கள்.

"மூணாவது வீடும் போனா பயிற்சிய விட்டுற வேண்டியதுதான் டீச்சர்" என்றார் மேற்பார்வையாளர் சர்மிளா.

மூன்றாவது வீடு பல்லேபொலயில். மிளகு வியாபாரி முஸம்மில், மனைவி மஸூதா, தலைப்பிள்ளையான கைக்குழந்தை ஷிஹாம். ஸுபைதா காலை பத்துக்கு உள்ளே வருவார், கண்ணூறு படாமலிருக்க "மாஷா அல்லாஹ்" என்பார், கதிரையில் உட்கார்வார். பதினொன்றுக்கு எழும்பிப் போவார். ஏழு மாதம் ஓடியது. பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது.

"இந்தக் கிழம வர வேணாம் டீச்சர்" என்றார் முஸம்மில் தொலைபேசியில்.

ஸுபைதா பஸ் ஏறிவிட்டார். சரியாகப் பத்துக்குக் கேட்டுக்கு வெளியே நின்றார். முஸம்மில் மிளகுத் தராசைப் போட்டுவிட்டு வந்தார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. புள்ளய ஒரு மணித்தியாலம் பாக்குறீங்க. சொல்றது ஒரே ஒரு மாஷா அல்லாஹ். அது ஒரு நிமிஷத்துக்குக் காணும். மிச்சம் அம்பத்தொம்பது நிமிஷத்துக் கண்ணூறுக்கு யாரு பொறுப்பு?"

ஸுபைதா கைப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப எத்தன சொல்லணும் தம்பி?"

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒன்னு."

"பேசவே கூடாதுன்டு சட்டம். பதினஞ்சுக்கு ஒன்னு."

பேரம் பத்தில் முடிந்தது. மஸூதா போனில் அலாரம் வைத்தாள்.

அறிக்கையைப் படித்த சர்மிளா கொதித்தார். "பத்து பத்துக்கு மாஷா அல்லாஹ், பத்து இருபதுக்கு மாஷா அல்லாஹ்! இது என்ன அவதானிப்பா, பள்ளிவாசல் பாங்கா?"

"சொல்லாட்டி வீடு இல்ல மேடம். வீடு இல்லாட்டி நானும் இல்ல."

சர்மிளா அறிக்கையை மறுபடி புரட்டினார். பிறகு, "சரி. அலாரம் அடிச்சா புள்ள என்ன செய்றான்டு எழுதுங்க" என்றார்.

பிள்ளை செய்தது இது: அவதானிப்பின் பத்தாம் மாதத்தில் அலாரம் அடித்ததும் விளையாட்டை நிறுத்தி, டீச்சரின் வாயைப் பார்த்தான். சொன்ன பிறகே திரும்பினான். ஒருநாள் அலாரம் அடிக்கவில்லை. அப்போதும் திரும்பிப் பார்த்தான். ஸுபைதா மணிக்கூட்டைப் பார்த்தார். நேரம் சரி. வகுப்பில் அந்த அறிக்கையை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

வருடம் நிரம்பியது. பயிற்சி முழுவதும் முடிய மேலும் நாலு வருடம் எடுத்தது. அதன் பிறகு டவுனில் வீட்டு முன்னறையில் ஆட்களைப் பார்த்தார். கூடுதலாகச் சிறுவர்கள். தாய்மார் கதவருகே நின்று, "மாஷா அல்லாஹ் சொல்லிட்டீங்களா டீச்சர்?" என்று கேட்பார்கள்.

போன மார்ச்சில் ஸுபைதா மௌத்தாகி அடக்கமானார். நாற்பதாம் நாள் கழிந்து றினோஸ் அந்தக் கொப்பியைத் திறந்தான். ஒரு வருடத்தில் அவதானிப்பு நேரத்தில் ஒரு தடவைகூட உம்மா பிள்ளையைத் தொடவில்லை. சட்டத்தை மீறியதாக ஒரு வரியும் இல்லை. கடைசி நாள் பக்கத்தில் இப்படி இருந்தது:

"10.50 மாஷா அல்லாஹ். 11.00 அவதானிப்பு முடிந்தது. 11.01 தூக்கினேன். 12.20 பஸ்ஸைத் தவறவிட்டேன்."